செவர்லே 3100 பிக்கப்பைக் களக்காட்டு வாழைத்தார் வண்டியாக மாற்ற யோசனை வேண்டும் (1:25 மாடல்)

பச்சையாற்றுக்கரை:

வணக்கம். என்னிடம் மைஸ்டோ கம்பெனியின் 1950 செவர்லே 3100 பிக்கப் மாடல் ஒன்று இருக்கிறது, 1:25 அளவு, டைகாஸ்ட். அலமாரியில் வைத்துப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்ணைப் பறிக்கும் பெயின்ட், குரோம், இடது பக்க ஸ்டீயரிங் என்று அது முழுக்க முழுக்க அமெரிக்க வண்டி. எனக்கு வேண்டியது வேறு.

ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இல் பம்பாய் சிவ்ரியில் தொழிற்சாலை தொடங்கி 1954 வரை செவர்லே வண்டிகளைப் பூட்டி விற்றது பலருக்கும் தெரிந்திருக்கும். அந்தக் காலத்து 3100 ஒன்று எங்கள் களக்காட்டு வாழை வியாபாரி ஒருவர் கைக்கு வந்து, தோப்பில் ஏத்தன் (நேந்திரம்) வாழைத்தார் ஏற்றிக்கொண்டு நாங்குநேரி வழியாகத் திருநெல்வேலிக்கு ஓடியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? அந்த வண்டியைத்தான் செய்ய ஆசைப்படுகிறேன். கற்பனை வண்டிதான், ஆனால் பார்க்கிறவர் எவரும் "இது நம்ம ஊரில் ஓடியிருக்காது" என்று சொல்லிவிடக் கூடாது.

மனதில் இருப்பவை: வலது பக்க ஸ்டீயரிங், பின்னால் சாமான் ஏற்றும் தொட்டிக்கு மேல் மரச்சட்டம் வைத்து உயர்த்திய அடைப்பு, உள்ளே வாழைத்தார் லோடு, முன் கண்ணாடிக்கு மேலே "சத்தியவாகீஸ்வரர் துணை" என்று கையெழுத்துப் போர்டு. கையில் ஒரு சின்ன ஏர்பிரஷும் கம்ப்ரசரும் இருக்கின்றன. மாடலுக்கென்றே விற்கும் பெயின்ட் எல்லாம் வெளியூரில் இருந்து தருவிக்க வேண்டும், விலையும் அதிகம். பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை பக்கம் கிடைக்கிற சாமானை வைத்தே முடிக்க முடியுமா? எங்கே தொடங்குவது, எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று அனுபவம் உள்ள அண்ணாச்சிமார் சொல்லுங்கள்.

ஆறுசிலிண்டர்:

நல்ல வண்டியைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் தம்பி. பெயின்ட், லோடு பற்றி மற்றவர்கள் சொல்வார்கள், நான் வண்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இந்த வரிசை 1947 நடுவில் வந்தது, 1955 தொடக்கம் வரை ஓடியது. 3100 என்றால் அரை டன், 3600 முக்கால் டன், 3800 ஒரு டன். வருடத்துக்கு வருடம் சின்னச் சின்ன மாற்றம் உண்டு, அதில் தவறினால் தெரிந்தவர் கண்ணில் உடனே படும். 1953 வரை முன் கண்ணாடி நடுவில் கம்பி வைத்து இரண்டு துண்டு, கிரில்லில் ஐந்து குறுக்குப் பட்டை. 1954-இல் இரண்டுமே மாறிவிட்டன. கதவுக் கண்ணாடியில் திருப்பிவிடும் முக்கோணக் கண்ணாடி 1951-இல்தான் வந்தது, அழுத்தித் திறக்கும் கதவுக் கைப்பிடி 1952-இல். ஆகவே 1950 வண்டிக்கு முக்கோணக் கண்ணாடி வேண்டாம், கைப்பிடி திருகித் திறக்கும் பழைய வகை. இணையத்தில் படம் தேடினால் எல்லா வருடத்து வண்டியும் கலந்து வரும், அமெரிக்காவில் இப்போது இவற்றைத் தாழ்த்தி, அகல டயர் போட்டு, வி8 என்ஜின் வைத்து மாற்றியவைதான் அதிகம், அவற்றைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

அளவு: வீல்பேஸ் 116 அங்குலம், அதாவது 2946 மில்லிமீட்டர். 1:25-இல் 118 மி.மீ. வர வேண்டும், உங்கள் மாடலை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். தொட்டி உள்ளளவு சுமார் 78 அங்குல நீளம், 50 அங்குல அகலம். மாடலில் 79 மி.மீ., 51 மி.மீ. மரச்சட்டம் வெட்டும்போது இந்தக் கணக்கு உதவும்.

இப்போது ஸ்டீயரிங். இந்த டாஷ்போர்டில் ஓட்டுநர் பக்கம் இரண்டு பெரிய வட்ட மீட்டர், மறுபக்கம் சாமான் வைக்கும் சின்னக் கதவுப் பெட்டி, நடுவில் நீளவாக்கில் கோடு போட்ட பகுதி. நடுப்பகுதியை விட்டுவிட்டு இரண்டு பக்கத்தையும் அறுத்து இடம் மாற்றினால் வேலை முடிந்தது. ஹேக்ஸா பிளேடு வேண்டாம், அது கடித்துத் தின்றுவிடும். நகைப் பட்டறையில் வைத்திருக்கும் மெல்லிய ரம்ப பிளேடு வாங்குங்கள். அறுத்ததில் போன தடிமனுக்கு மெல்லிய பிளாஸ்டிக் துண்டு வைத்து ஒட்டி, பட்டி போட்டுத் தேய்த்துவிட்டால் ஒட்டு தெரியாது. ஸ்டீயரிங் தண்டை வலது பக்கம் கொண்டு வந்து, பெடல்களையும் நகர்த்த வேண்டும், பழைய ஓட்டையை அடைக்க வேண்டும். மூன்று கியர் வண்டிக்கு லீவர் ஸ்டீயரிங் தண்டிலேயே இருக்கும், வலது பக்க ஓட்டத்துக்கு அது இடது கைப்பக்கம் வரும்படி வையுங்கள்.

பானெட்டைத் திறந்து காட்டுவதாக இருந்தால் மட்டும் ஸ்டீயரிங் பாக்ஸையும் வலது பக்கம் மாற்ற வேண்டும். 216 கன அங்குல ஆறு சிலிண்டர் என்ஜின், கார்புரேட்டரும் புகை மேனிபோல்டும் இடது பக்கம், டிஸ்ட்ரிபியூட்டர் வலது பக்கம். ஒயர் போடும்போது பக்கம் மாறிவிடாமல் பாருங்கள்.

பட்டிபார்த்தவன்:

வண்ணார்பேட்டையில் டிங்கரிங், பெயின்டிங் வேலையிலேயே வளர்ந்தவன் நான். பெரிய வண்டிக்கு வாங்குகிற சாமானே இதற்குப் போதும், ஆனால் பெரிய வண்டிக்கு அடிப்பது போல அடித்தால் கெட்டுப்போகும்.

முதலில் முழுவதையும் கழற்றுங்கள். அடியில் ஸ்க்ரூ இருக்கும், சில இடத்தில் ரிவெட் போலத் தட்டியிருப்பார்கள், அதை டிரில் வைத்து மெதுவாக எடுக்க வேண்டும். கண்ணாடி, பம்பர், சீட், டயர் எல்லாம் வெளியே வந்த பிறகுதான் இரும்புக்கடை பெயின்ட் ரிமூவர். அது பிளாஸ்டிக் மேல் பட்டால் கரைத்துவிடும். கையுறை போட்டுக்கொண்டு, வெளியே காற்றோட்டமான இடத்தில் தடவி, பழைய பல் பிரஷ் வைத்துத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வையுங்கள்.

டைகாஸ்ட் என்பது துத்தநாகக் கலவை, அதன் மேல் சாதாரண பெயின்ட் நேரடியாகப் பிடிக்காது, நகம் பட்டால் உரிந்து வரும். 600 வாட்டர் பேப்பர் கொண்டு தண்ணீர் விட்டு லேசாகத் தேய்த்து, எட்ச் பிரைமர் அல்லது எபாக்ஸி பிரைமர் அடிக்க வேண்டும். கடையில் தரும் பிரைமர் கெட்டியாக இருக்கும். அப்படியே அடித்தால் பானெட் மேல் இருக்கும் எழுத்து, கதவு இடுக்கு எல்லாம் மூடிவிடும். தின்னர் கூட்டி, பழைய நைலான் துணியில் வடிகட்டி, புகை படிவது போல இரண்டு மூன்று தரம் மெல்லியதாகத்தான் விட வேண்டும்.

பெயின்டுக்கு என்சி, அதாவது தின்னர் கலந்து அடிக்கும் நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட் போதும். நிறம் கலக்கிக் கொடுக்கும் கடையில் சின்ன அளவிலும் தருவார்கள். ஹார்டனர் கலந்து அடிக்கும் டூகே (2K) பெயின்ட் பளபளப்பு அதிகம், ஆனால் அதன் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலுக்குக் கெடுதல், சரியான மாஸ்க் இல்லாமல் வீட்டுக்குள் அதைத் தொடவே தொடாதீர்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் நினைத்தும் பார்க்க வேண்டாம். இன்னொன்று, என்சி தின்னர் பிளாஸ்டிக் பாகத்தைக் கடித்துச் சொரசொரப்பாக்கும். மாற்றி ஒட்டிய டாஷ்போர்டுக்கு நேரடியாக அடிக்காமல் பிளாஸ்டிக் பிரைமர் போட்டுவிட்டு அடியுங்கள்.

நிறம் என்று கேட்டால் கரும்பச்சை. பாரஸ்டர் கிரீன் என்று அந்த வருடங்களில் செவர்லே பிக்கப்புக்கு வழக்கமாக வந்த நிறமே அதுதான், வாழைத்தாருக்கும் பொருந்தி வரும். சின்ன வண்டியில் கரும்பச்சை கறுப்பாகத் தெரியும், அதனால் கலக்கும்போதே கொஞ்சம் வெள்ளை சேர்க்கச் சொல்லுங்கள். மெட்டாலிக் வேண்டவே வேண்டாம்.

நம் ஊரில் பெயின்ட் அடிக்க மாதம் பார்க்க வேண்டும். ஆனி, ஆடியில் அடிக்கிற காற்றுக்கு மொட்டை மாடியில் வைத்து அடித்தால் ஊர்ப் புழுதி முழுக்க வண்டி மேல்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றில் ஈரம் நிற்கும், என்சி காயும்போது வெள்ளையாகப் பூத்துவிடும். சித்திரை வெயிலில் பெயின்ட் வண்டியில் படும் முன்பே காய்ந்து மணல் மாதிரி உட்காரும். தை, மாசியில் காலை வெயில் ஏறும் முன் அடித்தால் அருமையாக வரும்.

பச்சையாற்றுக்கரை:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி அண்ணாச்சி. அளந்து பார்த்தேன், வீல்பேஸ் கணக்குக்குச் சரியாகவே வருகிறது. கரும்பச்சை முடிவாகிவிட்டது. இப்போது தலைவலி எல்லாம் வாழைத்தார்தான். எம்-சீலில் ஒவ்வொரு காயாக உருட்டிப் பார்த்தேன், கொழுக்கட்டை போலத் தடித்து நிற்கிறது, காய் வடிவம் வரவில்லை. வேறு வழி உண்டா? போர்டு எழுத்துக்கும் யாராவது சொல்லுங்கள்.

சீப்புக்குப்பத்து:

ஏத்தன் பயிரிடும் வீடு எங்களுடையது, அதனால் கண் முன்னால் இருப்பதை அளந்தே சொல்கிறேன். நல்ல ஏத்தன் காய் 20 முதல் 25 செ.மீ. வரும், 1:25-இல் அது 8 முதல் 10 மி.மீ. தடிமன் 2 மி.மீ.க்குள். அந்த அளவில் உங்கள் வீட்டிலேயே ஒன்று இருக்கிறது: நெல்மணி. நீளமும் பருமனும் நுனி மூக்கும் ஏறக்குறைய அப்படியே பொருந்தும். ஆனால் நம் பக்கத்து அம்பை 16 கட்டையான குண்டு நெல், அது ரசகதலிக்குத்தான் ஒத்து வரும், ஏத்தனுக்கு நீளமான சன்ன நெல்லாகப் பார்த்து எடுங்கள். நன்றாக வெயிலில் காயவைத்து, வார்னிஷில் முக்கி எடுத்துக் காய்ந்த பிறகே பயன்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் சில மாதத்தில் வண்டு விழுந்து லோடே மாவாகிவிடும்.

தண்டுக்குத் தென்னை ஈர்க்கின் அடிப்பக்கம். அதில் சுற்றிலும் சீப்பு சீப்பாக ஃபெவிக்விக் வைத்து ஒட்டுங்கள். ஏத்தனில் ஒரு தாருக்கு 5, 6 சீப்புதான், சீப்புக்கு 8 முதல் 12 காய், மற்ற வாழை போல நெருக்கமாக இருக்காது, சீப்புக்கு நடுவில் தண்டு தெரியும். அடிச்சீப்பில் இருந்து நுனிச்சீப்புக்குப் போகப் போகக் காய் சிறுக்கும், நெல்லையும் அப்படிப் பொறுக்கி வையுங்கள். காய் நுனி மேலே பார்க்க வளைந்து நிற்க வேண்டும். பலர் செய்யும் படத்திலும் பொம்மையிலும் கீழே தொங்கவிட்டு விடுகிறார்கள், வாழைத்தார் பார்த்து வளர்ந்த எனக்கு அது பொறுக்கவே பொறுக்காது. தாரின் மொத்த நீளம் மாடலில் 25 முதல் 30 மி.மீ. வந்தால் போதும்.

தார் ஒன்று 10, 12 கிலோ என்று வைத்தால் அரை டன் வண்டிக்கு 40 தார் அளவோடு ஏற்றியதாக இருக்கும். 40 தாருக்கும் நெல் ஒட்ட வேண்டாம். மூன்று நான்கு தாரை நன்றாகச் செய்து, சிலிக்கான் அச்சு எடுத்து, ரெசினில் வார்த்துக்கொள்ளுங்கள். தொட்டிக்குள் அடியில் தெர்மோகோல் வைத்து நிரப்பிவிட்டு மேல்வரிசையும் ஓரமும் மட்டும் தார் வைத்தால் போதும். வெட்டி அனுப்புகிற தார் பச்சைக்காய், ஆகவே மஞ்சள் அடித்துவிடாதீர்கள்! பச்சையிலேயே தாருக்குத் தார் கொஞ்சம் நிறம் மாற்றுங்கள். நடுநடுவே காய் அடிபடாமல் இருக்கச் சருகு போடுவோம், அதற்கு நிஜ வாழைச்சருகையே பொடிப் பொடியாகக் கிழித்துச் செருகலாம், அந்த நிறத்தைப் பெயின்டில் கொண்டுவர முடியாது.

மர அடைப்புக்கு மருந்து வைக்காத தீக்குச்சி கோவில்பட்டிப் பக்கம் கிடைக்கும். 2 மி.மீ. குச்சி இந்த அளவில் 2 அங்குலக் கட்டை. நிமிர்ந்து நிற்கும் முளைகளுக்கு அது சரி, தொட்டி மூலையில் கம்பு செருகும் துளையில் இறக்கிவிடலாம். குறுக்குப் பலகைக்கு அது தடிமன் அதிகம், மரக்கடையில் கழித்துப் போடும் வெனியர் துண்டை நறுக்கிக்கொள்ளுங்கள். பனங்கட்டை வேண்டாம், நிஜத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதன் வைரக்கோடு சின்ன வண்டியில் பெரிதாகத் தெரியும்.

பழையஎழுத்து:

போர்டு பற்றி. உங்கள் வண்டி 1950-களில் ஓடுவது, தமிழ் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்ததோ 1978-இல். அதற்கு முன் ணை, லை, ளை, னை நான்குக்கும் முன்னால் தும்பிக்கை போலச் சுழித்த கொம்புதான் போடுவார்கள், ணா, றா, னா மூன்றும் தனிக்கால் இல்லாமல் எழுத்தோடு சேர்ந்த வளைவாக இருக்கும். "சத்தியவாகீஸ்வரர் துணை" என்பதில் கடைசி எழுத்து பழைய ணையாக இருந்தே ஆக வேண்டும். கம்ப்யூட்டரில் தட்டி பிரிண்ட் எடுத்தால் புது எழுத்துத்தான் வரும். பழைய அச்சுப் புத்தகம் ஏதாவது ஒன்றில் இருந்து அந்த ஒரு எழுத்தை ஸ்கேன் செய்து எடுங்கள், அல்லது பார்த்து வரையுங்கள்.

எழுதும் முறைக்கு இரண்டு வழி. தண்ணீரில் நனைத்து ஒட்டும் டெக்கால் காகிதத்தில் இன்க்ஜெட் பிரிண்ட் எடுத்தால் கரும்பச்சை மேல் மஞ்சள் எழுத்து தெரியாது, ஏனென்றால் அந்த மையில் வெள்ளை அடிப்படை கிடையாது. ஸ்டிக்கர் கடையில் பிளாட்டர் மெஷினில் வினைலை எழுத்து வடிவில் வெட்டச் சொல்லி, எழுத்தை உரித்துவிட்டு மிச்சத்தை மாஸ்க்காக ஒட்டி, மேலே மஞ்சள் அடித்து எடுங்கள். கேபின் நெற்றிக்கு எழுத்து உயரம் 4 மி.மீ.க்குக் கீழே போனால் சுழி எல்லாம் வெட்டுப்படாது. சத்தியவாகீஸ்வரர் நீளமான பெயர், அந்த உயரத்தில் ஒரே வரியில் அடங்குமா என்று முதலில் காகிதத்தில் வெட்டி வைத்துப் பாருங்கள். அடங்காவிட்டால் பெயர் மேலே, துணை கீழே என்று இரண்டு வரி. ஓரத்தில் சிவப்பு நிழல் 000 பிரஷில் கையால் போட வேண்டும், அது லேசாகக் கோணினால்தான் போர்டு ஆர்ட்டிஸ்ட் கை தெரியும்.

நம்பர் பிளேட்டில் மறந்தும் இப்போதைய திருநெல்வேலிப் பதிவான TN 72 போடாதீர்கள், அந்த முறை 1989-க்கு அப்புறம் வந்தது. கதவில் ஊர் முகவரி எழுதினால் மாநிலம் மதராஸ்தான், தமிழ்நாடு என்று பெயர் மாறியது 1969-இல். திருநெல்வேலி ஜில்லா என்று எழுதுங்கள்.

தேரிமணல்:

எல்லாம் அருமை. ஆனால் இவ்வளவும் செய்துவிட்டு வண்டியைப் புத்தம் புதிதாக விட்டுவிட்டால் உயிர் இருக்காது. புழுதி வேண்டும், துரு வேண்டும். நான் திசையன்விளைப் பக்கம், எங்கள் தேரி மண்ணை அம்மியில் அரைத்து மெல்லிய துணியில் சலித்தால் கடையில் விற்கிற பிக்மென்ட் எதுவும் பக்கத்தில் நிற்க முடியாத செம்மண் நிறம் கிடைக்கும். மட்கார்டு உள்பக்கம், ஃபுட்போர்டு, அடிப்பாகம் எங்கும் தூவி, மேட் வார்னிஷ் அடித்து நிறுத்துங்கள். கதவு அடியில், மட்கார்டு ஓரத்தில் துரு.

பட்டிபார்த்தவன்:

துருவுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். ஒன்று, இது 1950-களில் ஓடும் வண்டி, வாங்கி நாலைந்து வருடம்தான் ஆகியிருக்கும், அந்தக் காலத்துத் தகடும் கனமானது, களக்காடு கடற்கரை ஊரும் இல்லை. இரண்டாவது, அப்போது ஒரு ஊரில் இப்படி வண்டி வைத்திருப்பது எத்தனை பேர்? கிளீனர் பையன் தினமும் பச்சையாற்றில் இறக்கிக் கழுவியிருப்பான், வெள்ளிக்கிழமை சந்தனம் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் கட்டியிருப்பார்கள். துருப்பிடித்த வண்டி என்பது இன்று கொட்டகையில் கிடக்கும் பழைய வண்டியைப் பார்த்து வருகிற எண்ணம், தம்பி செய்வது ஓடுகிற வண்டி.

மண்ணும் அந்த மண் இல்லை. தேரி உங்கள் பக்கத்தில் செக்கச்செவேல் என்று கிடக்கிறது, களக்காட்டில் மலையடிவாரத்து மண். தம்பி தன் தோப்பு மண்ணையே எடுத்துச் சலிக்கட்டும்.

தேரிமணல்:

மண் விஷயம் சரிதான், ஒத்துக்கொள்கிறேன், அந்தந்த ஊர் மண்தான் முறை. சலிப்பது மட்டும் நான் சொன்ன மாதிரியே செய்யுங்கள், ஒரு சின்னக் குறுமணல் கூட இந்த அளவில் கல்லாகத் தெரியும். ஆனால் தினமும் லோடு அடிக்கிற வண்டியில் அடையாளமே இருக்காது என்பதை ஏற்க முடியவில்லை. தொட்டி எப்படிப் புதிதாக இருக்கும்?

சீப்புக்குப்பத்து:

தொட்டியில் கட்டாயம் அடையாளம் இருக்கும், அது துரு இல்லை, வாழைக்கறை. தார் வெட்டிய தண்டில் இருந்து வடியும் பால் பட்ட இடம் எல்லாம் முதலில் ஒன்றும் தெரியாது, காயக் காயக் கரும்பழுப்பாகி மரத்தில் ஊறிவிடும், எத்தனை கழுவினாலும் போகாது. எங்கள் வீட்டில் தார் வெட்டப் போகும் வேட்டி, சட்டை தனி, அதை வேறு எதற்கும் கட்ட முடியாது. வாழை ஏற்றும் வண்டியை லோடு இல்லாமல் நிறுத்தியிருந்தாலும் தொட்டிப் பலகையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அதனால் மேலே பச்சை பளிச்சென்று இருக்கட்டும், தொட்டித் தரைப் பலகையிலும் மரச்சட்டத்தின் உள்பக்கத்திலும் பின்கதவு மேல்விளிம்பிலும் கறை போடுங்கள். இந்த வண்டியில் தரை மரப் பலகைதான், நடுநடுவே இரும்புப் பட்டை ஓடும். ஆர்ட்டிஸ்ட் ஆயில் பெயின்ட்டில் ரா அம்பர் என்ற பழுப்பு நிறமும் துளி கறுப்பும் எடுத்து டர்பன்டைனில் தண்ணீராகக் கரைத்து, சொட்டு விட்டு வழிய விடுங்கள். தார் ஏற்றி இறக்கும் பின்கதவுப் பக்கம் அதிகம், கேபின் பக்கம் குறைவு. இரும்புப் பட்டை மேல் உராய்ந்து பளபளப்பாக இருக்கும், அங்கே கறை நிற்காது, பென்சில் முனைப் பொடி தேய்த்துவிடுங்கள். லோடு அடுக்கிய பிறகு இதைச் செய்ய முடியாது, தார் வைக்கும் முன்பே முடித்துவிட வேண்டும்.

பட்டிபார்த்தவன்:

இதற்கு இரண்டு கையும் தூக்குகிறேன். அதோடு ஓட்டுநர் கதவில் கை வைத்து வைத்து மங்கிய இடம், ஃபுட்போர்டில் கால் பட்டுப் பெயின்ட் தேய்ந்த இடம், இவை மட்டும் லேசாக. வலது பக்கக் கதவு, தம்பி. அமெரிக்கப் படத்தைப் பார்த்து இடது கதவில் போட்டுவிடாதீர்கள்.

பச்சையாற்றுக்கரை:

வாழைக்கறை எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று என்று தெரியவில்லை, எங்கள் வீட்டிலும் அப்படி வேட்டி உண்டு. சரி, முடிவு இது: இப்போது மழை நேரம் என்பதால் டாஷ்போர்டு அறுக்கிற வேலையும் நெல் தாரும் முதலில். பெயின்ட் தை பிறந்த பிறகு. பெயரைக் காகிதத்தில் வெட்டி வைத்துப் பார்த்தேன், ஒரே வரியில் அடங்கவில்லை, இரண்டு வரிதான். பழைய ணைக்கு வீட்டில் இருக்கும் பழைய பஞ்சாங்கத்தில் நல்ல எழுத்து கிடைத்துவிட்டது. ஒரே ஒரு சந்தேகம், 40 தாரையும் மேலே கயிறு போட்டுக் கட்ட வேண்டுமா, அடைப்பே போதுமா?

சீப்புக்குப்பத்து:

அடைப்பு உயரத்துக்குள் நின்றால் கயிறு தேவையில்லை. அதற்கு மேல் ஒரு வரிசை ஏற்றினால் குறுக்காகக் கட்ட வேண்டும். வாழைநாரை நகத்தால் கிழித்து ஒரு இழை எடுத்து, ஈரத்தோடு முறுக்கிக் காயவிடுங்கள். பின்கதவுச் சங்கிலிக்குக் கவரிங் கடையில் மெல்லிய செயின் கிடைக்கும், கறுப்பு அடித்துப் போட்டுக்கொள்ளுங்கள்.